கொக்கியில் ஆடிய வளையல்

போன மாதம் எங்கள் மாதர் மன்றத்தில் எனக்குச் சால்வை போட்டார்கள். தாராவியிலிருந்து திருநெல்வேலிக்கு இருபத்தேழு வருஷம் ஆட்களைப் பத்திரமாக ரயிலில் கூட்டிக்கொண்டு போனவள் என்று மைக்கில் சொல்லி, ஒரு எவர்சில்வர் தட்டும் கொடுத்தார்கள். டீ கொடுக்கிற நேரத்தில் மன்றத்துச் செயலாளர் பெண் மைக்கை என் வாய்க்கு நேரே நீட்டினாள். "இத்தனை பேரைக் கூட்டிட்டுப் போனீங்களே அத்தை, ஒருத்தரையாவது தொலைச்சிருக்கீங்களா?" என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே, "ஒருத்தரையும் தொலைச்சதில்ல" என்றேன். கை தட்டினார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு சோறு இறங்கவில்லை. சொன்னது பொய்யா மெய்யா என்று எனக்கே தெரியவில்லை. மறுநாள் அதே பெண் வந்து, மன்றத்து மலருக்கு உங்கள் அனுபவத்தை எழுதித் தாருங்கள் என்றாள். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. எழுத்துக் கூட்டி வாசிப்பேன், மெதுவாக எழுதுவேன். அவசரம் ஒன்றும் இல்லை என்றாள். சரி, எழுதுகிறேன். வாசிக்கிறவர்களே சொல்லட்டும்.

என் வேலை என்ன என்று இப்போதுள்ளவர்களுக்குச் சொன்னால்தான் புரியும். எங்கள் ஆட்களில் ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்ததும் பெண்ணைத் தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டார் வந்து அழைத்துப் போக வேண்டும். சேரன்மகாதேவியிலிருந்து பம்பாய்க்கு யார் வருவார்கள்? புருஷனுக்கு வொர்க்‌ஷாப்பில் லீவு கிடையாது. ரயிலிலே இரண்டு ராத்திரி. வயிற்றுப் பிள்ளைக்காரியைத் தனியாக அனுப்ப முடியுமா? அதற்குத்தான் நான். துணைக்குப் போகிறவள். பெரிய லீவில் பிள்ளைகளையும், ஆபரேஷன் முடிந்து ஊருக்குத் திரும்புகிற பெரியவர்களையும்கூடக் கூட்டிப் போயிருக்கிறேன். ஆனால் வளைகாப்புப் பெண்கள்தான் அதிகம். டிக்கெட் பரிசோதகர் கேட்டால் எல்லாருக்கும் நான் அத்தை. அப்படியே தாராவி முழுவதற்கும் கோமதி அத்தை ஆகிவிட்டேன்.

இந்த வேலையை நான் தேடிப் போகவில்லை. என் வீட்டுக்காரர் தோல் கிடங்கில் வேலை பார்த்தவர். அவர் இறந்த வருஷம் அடுத்த கோலியிலிருந்த பெண்ணோடு ஒரு தடவை போனேன். ஒற்றை அறை வீட்டை இங்கே கோலி என்போம். திரும்பி வந்ததும் இன்னொரு வீட்டில் கேட்டார்கள். முதல் மூன்று வருஷத்தில் கற்றுக்கொண்டதை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். பிளாட்பாரத்தில் எதையும் வாங்கித் தின்னக் கொடுக்காதே. வண்டி நிற்கும்போது தூங்காதே.

எனக்கு வேலை கொடுத்தவர் தங்கையா அண்ணாச்சி. தொண்ணூறடி ரோட்டில் ஒரு சின்னக் கடையில் டிக்கெட் எடுத்துக் கொடுப்பார், ஊருக்குச் சாமான் அனுப்புவார். ஒல்லியான மனுஷர். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. உட்காரு என்று வாயால் சொல்ல மாட்டார், காலால் ஸ்டூலை இழுத்து விடுவார். போகும்போது பத்திரம், கவனம் என்றெல்லாம் சொல்ல மாட்டார். டிக்கெட்டைக் கையில் கொடுத்துவிட்டு வேறு வேலை பார்ப்பார். திரும்பி வந்த பிறகுதான் பேச்சு. நான் போய் ஸ்டூலில் உட்கார்ந்ததும், அந்தப் புழுக்கத்திலும் எழுந்து ஃபேனை நிறுத்துவார். சத்தம் இல்லாமல் கேட்க வேண்டுமாம். மூன்றே கேள்வி. எங்கே வைத்து ஒப்படைத்தாய்? யார் கையில்? அவர்கள் என்ன சொன்னார்கள்? நான் சொல்லச் சொல்ல ஒரு நீள நோட்டில் எழுதுவார். எழுதி முடித்துதான் ஃபேனைப் போடுவார். மூன்றாவது கேள்வி எதற்கு என்று ஒரு தடவை கேட்டேன். என்ன சொன்னார்கள் என்று தெரிந்தால்தான் ஆளைச் சரியான கையில் கொடுத்தாயா என்று தெரியும் என்றார். அந்த நோட்டில் என் பெயருக்கு நேரே ஒரு குறையும் விழுந்துவிடக் கூடாது. என் பெருமை அவ்வளவும் அதில்தான் இருந்தது.

எனக்கென்று சில முறைகள் வைத்திருந்தேன். கிளம்புவதற்கு முதல் நாள் அந்த வீட்டுக்குப் போவேன். மாமியார் டீ போட உள்ளே போகிற நேரம் பார்த்து, எதைத் தின்றால் உனக்குக் குமட்டும் என்று பெண்ணிடம் கேட்பேன். மாமியார் முன்னால் கேட்டால் எதைக் கொடுத்தாலும் தின்பேன் என்றுதான் சொல்லும். ரயிலில் அவளுக்குக் கீழ்ப் படுக்கை, எதிரே எனக்கும் கீழ்ப் படுக்கை. நான் தலை வைப்பது நடைபாதைப் பக்கம். ராத்திரி படுக்கும்போது அவள் செருப்பை வாங்கி என் தலைமாட்டுப் பையில் வைத்துக்கொள்வேன். ரயில் கக்கூசுக்குச் செருப்பில்லாமல் எந்தப் பெண்ணும் போக மாட்டாள். போக வேண்டுமானால் என்னை எழுப்பித்தான் ஆக வேண்டும்.

அதைவிடப் பெரிய காவல் வளையல். வளைகாப்பில் இரண்டு கையிலும் கண்ணாடி வளையலை அடுக்கிவிடுவார்கள். வேப்பங்குச்சியை வளைத்து ஒரு காப்பும் போடுவார்கள். பிள்ளை பிறக்கிற வரைக்கும் கழற்றக் கூடாது. தானாக ஒன்று உடைந்தால்கூட வீட்டில் முகம் செத்துப் போகும். அதனால் அந்தச் சத்தத்தை நம்பித் தூங்கலாம். அவள் புரண்டால் கேட்கும், எழுந்தால் கேட்கும். கிலுகிலு என்று லேசாகக் கேட்டுக்கொண்டே இருந்தால் பெண் படுக்கையில் இருக்கிறாள், ரயில்தான் ஆட்டுகிறது என்று அர்த்தம். சத்தம் நின்றால் எனக்கு முழிப்பு வந்துவிடும்.

போவது இப்படி. திரும்புவது வேறு மாதிரி. திரும்பும்போது நான் ஒற்றை ஆள். ரிசர்வேஷன் கிடையாது. வண்டியின் வாலில் பெண்களுக்கென்று இருக்கிற பெட்டியில், லேடீஸ் டப்பாவில் ஏறுவேன். மூட்டை முடிச்சு, கைப்பிள்ளை, கருவாட்டு வாசனை எல்லாம் இருக்கும். ஆனாலும் அங்கே நான் யாருக்கும் அத்தை இல்லை. எந்த ஊர், யார் வீடு என்று கேட்டால் வாய்க்கு வந்ததைச் சொல்வேன். ஒரு தடவை ஸ்கூல் டீச்சர் என்று சொன்னேன். ஒருத்தி பிள்ளையின் மார்க் ஷீட்டை எடுத்து நீட்டிவிட்டாள். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கணக்கில் கவனம் வேண்டும் என்று சொல்லித் தப்பித்தேன். இரண்டு ராத்திரி யாருக்கும் காவல் இல்லாமல் உட்கார்ந்து வருவேன். இருபத்தேழு வருஷத்தில் நான் நானாக இருந்த நேரம் அதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

இனி இசக்கியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவள் பேர் இசக்கியம்மாள். வயது இருபது இருக்கும். கல்யாணமாகிப் பம்பாய்க்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. புருஷன் பேக் தைக்கிற வொர்க்‌ஷாப்பில் வேலை. தாராவியிலே பிறந்த பையன், தமிழ் பேசினாலும் பாதி ஹிந்தி. முதல் நாள் நான் அந்த வீட்டுக்குப் போனேன். ஒரே ஒரு கோலி. அதில் மாமியார், மாமனார், இரண்டு கொழுந்தன்மார், இவர்கள் இரண்டு பேர். மாமியார் டீ போட எழுந்து போகவே இல்லை. போவதற்கு வேறு அறை இருந்தால்தானே. பொதுக் கக்கூசுக்குப் போனால்கூட மாமியார் கதவுக்கு வெளியே தண்ணீர் டப்பாவோடு நிற்பாள் என்று இசக்கி பிறகு ரயிலில் சொன்னாள். குறையாகச் சொல்லவில்லை. மாமியார் நல்லவள்தான். இவள் வழுக்கி விழுந்துவிடக் கூடாதே என்று நிற்கிறாள்.

ஸ்டேஷனில் அவள் புருஷன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அத்தை, இவ கொஞ்சம் பாகல் மாதிரி, சும்மா சும்மா வெளிய பாத்துட்டே இருப்பா. வுட்றாதீங்க" என்றான். பாகல் என்றால் ஹிந்தியில் கிறுக்கு. ஜன்னல் பக்கம் உட்கார விடாதே என்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் ஒரு தொந்தரவும் தரவில்லை. கொடுத்ததைத் தின்றாள், படு என்றால் படுத்தாள். மறுநாள் பகல் முழுதும் ஆந்திரா பக்கம் வெயிலில் வண்டி ஓடியது. அப்போது என்னிடம் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தாள். நீங்கள் திரும்பும்போது எங்கே உட்காருவீர்கள்? அந்த டப்பா எந்தப் பக்கம் இருக்கும்? உள்ளேயிருந்து கதவைப் பூட்டலாமா? யாராவது வம்பு பண்ணுவார்களா? டீச்சர் கதையைச் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். என் வேலையைப் பற்றி இவ்வளவு கேட்டவர் அதுவரைக்கும் யாருமில்லை. எனக்கும் பெருமை. செருப்புக் கதையையும் வளையல் கதையையும்கூட நானே சொன்னேன். "நீ முழிச்சிருந்தா என் காதுக்குத் தெரிஞ்சிரும்ட்டி" என்று பீற்றிக்கொண்டேன்.

ரேணிகுண்டா தாண்டியதும் சாப்பிட்டோம். அவள் செருப்பை வாங்கிப் பையில் வைத்தேன். எனக்கு இடுப்பு வலி. காட்பாடி வருகிற வரைக்கும் முழித்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே படுத்தேன். கிலுகிலு சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

கண் முழித்தபோது விடிந்துகொண்டிருந்தது. திண்டுக்கல் தாண்டியாகிவிட்டது. சத்தம் அப்போதும் கேட்டது. படுத்தபடியே, "இசக்கி, எந்திரி, பல்லு வெளக்கணும்" என்றேன். பதில் இல்லை. திரும்பிப் பார்த்தேன். படுக்கையில் போர்வை மடித்து வைத்திருந்தது. ஜன்னல் பக்கத்துக் கொக்கியில் ஒரு கைக்குட்டையில் கோத்து, இரண்டு கை வளையலும் தொங்கிக்கொண்டிருந்தன. வேப்பங்காப்பும் அதிலேயே. ரயில் ஆட ஆட அவை கிலுகிலு என்று ஆடின.

நான் உடனே எழவில்லை. அதைத்தான் இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன். படுத்துக்கொண்டே அந்த வளையலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெண் இல்லாமல் வளையல் மட்டும் எப்படி இங்கே இருக்கும் என்று என் மூளைக்குப் பிடிபடவில்லை. வளைகாப்பு வளையலைக் கழற்றுகிற ஒரு பெண் இருப்பாள் என்று நான் கனவில்கூட நினைத்ததில்லை. தலைமாட்டுப் பையைத் தடவிப் பார்த்தேன். செருப்பு இருந்தது. செருப்பு இருந்தால் அவளும் இருக்க வேண்டும். இரண்டு பக்கக் கக்கூசையும் தட்டினேன். பக்கத்து டப்பா, அதற்கு அடுத்த டப்பா வரை நடந்து ஒவ்வொரு படுக்கையாகப் பார்த்தேன். இல்லை.

எதிர்ப் பக்க ஜன்னலோரம் சேலத்தில் ஏறிய ஒருவர் இருந்தார். அவரைக் கேட்டேன். "நான் ஏறும்போதே அந்த எடம் காலிங்க. வளையல் மட்டும் ஆடிட்டு இருந்துச்சு. நேர்த்திக்கடனோ என்னவோன்னு நெனச்சுட்டுப் படுத்துட்டேன்" என்றார். மேல் படுக்கையில் இருந்த பட்டாளத்துக்காரர் காட்பாடியில் ஒரு பெண் இறங்கியதைப் பார்த்ததாகச் சொன்னார். வயிறு இருந்ததா என்றால் இருட்டில் பார்க்கவில்லை என்றார். கைப்பிள்ளைக்காரி ஒருத்தி, இல்லையில்லை, இப்போதுதான் கக்கூசுப் பக்கம் போனாள் என்று சத்தியம் செய்தாள். மறுபடியும் போய்த் தட்டினேன். உள்ளேயிருந்து ஒரு ஆம்பிளை திட்டினான்.

டிக்கெட் பரிசோதகர் வந்தார். பேர் கேட்டார், சொன்னேன். வயது கேட்டார், சொன்னேன். நீங்கள் அவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். அத்தனை வருஷமாக அத்தை என்று சொன்ன வாய்க்கு அன்றைக்கு அந்தச் சொல் வரவில்லை. அத்தை என்று சொல்லி எழுதிக்கொடுத்து, நாளைக்குப் போலீஸ் கேட்டால்? துணைக்கு வந்தவள் என்றால், துணைக்கு வந்தவள் தூங்கினாயா என்று கேட்பார்களே. "கூட வந்தேன்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, மதுரையில் ரயில்வே போலீஸில் சொல்லுங்கள் என்று போய்விட்டார்.

மதுரையில் வண்டி கொஞ்ச நேரம் நிற்கும். அவள் பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். என் பை வண்டியில் கிடந்தது. மறுபடி ஏறினேன். காட்பாடிக்குத் திரும்பிப் போவதா, போலீஸிடம் போவதா? இங்கே இறங்கிவிட்டால் திருநெல்வேலியில் காத்திருக்கிற அவள் அம்மாவுக்கு யார் சொல்வது? ஒருவேளை அவள் இந்த வண்டியிலேயே எங்கேயாவது இருந்து, என்னைத் தேடி வந்தால் நான் இருக்க வேண்டாமா? மறுபடி இறங்கினேன். போனில் அண்ணாச்சி நம்பரை அமுக்கி, மணி அடிப்பதற்குள் கட் பண்ணினேன். என்ன சொல்வேன்? இசக்கிக்குப் போன் கிடையாது, எதற்கு என்று வாங்கித் தரவில்லை. வண்டி ஊதியது. யோசித்து ஏறினேன் என்று சொல்ல முடியாது. கால் ஏறிவிட்டது.

திருநெல்வேலி வரைக்கும் நான் தனியாகப் போனேன். எத்தனையோ தடவை தனியாக வந்திருக்கிறேன், தனியாகப் போனது அதுதான் முதல் தடவை. கொக்கியிலிருந்து வளையலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். சத்தம் வந்தது. முந்தானையில் சுற்றினேன், அப்போதும் வந்தது. கோவில்பட்டியில் ஏறியவள் ஒருத்தி என் வயசையும் முந்தானைச் சத்தத்தையும் பார்த்துத் தள்ளி உட்கார்ந்தாள். இசக்கியின் அம்மாவிடம் என்ன சொல்வது என்று நினைத்துப் பார்த்தேன். முதல் சொல்லே வரவில்லை. அந்த வயிறு எங்கே நடந்துகொண்டிருக்கிறதோ. யார் கையில் இருக்கிறதோ. அப்படி நினைக்கும்போதே என் பேரும் கூடவே நினைவுக்கு வந்தது. அண்ணாச்சி நோட்டில் என்ன எழுதுவார் என்று. அப்படி நினைத்ததற்காக எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

திருநெல்வேலியில் எல்லாரும் இறங்கிய பிறகுதான் இறங்கினேன். பிளாட்பாரத்தில் கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. வண்டியின் வால் பக்கத்திலிருந்து ஒரு பெண் வயிற்றைத் தள்ளிக்கொண்டு வெறுங்காலோடு மெதுவாக நடந்து வந்தாள். கையில் வெள்ளரிப் பிஞ்சு. கடித்துக்கொண்டே வந்தாள்.

என்னால் அடிக்கவும் முடியவில்லை, கட்டிக்கொள்ளவும் முடியவில்லை. "எங்கட்டி போன?" என்று மட்டும் கேட்டேன்.

"பின்னால பொம்பளை டப்பாவுல இருந்தேன் அத்த. காட்பாடியில மாறுனேன்."

"என்னத்துக்கு?"

அவள் யோசித்தாள். உண்மையிலேயே யோசித்தாள். "என்னத்துக்குன்னு கேட்டா சொல்லத் தெரியல. சும்மாதான் இருந்தேன். ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல. ஒருத்தி மட்டும் யாருன்னு கேட்டா, டீச்சர்னு சொன்னேன்." அவளுக்குச் சிரிப்பு வந்தது. என் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள். "வையாதீய அத்த. சத்தம் நின்னா நீங்க முழிச்சிருவீயல்லா. அதான் மாட்டிட்டு வந்தேன். நீங்க நல்லாத் தூங்கட்டும்னு."

அப்போது தூரத்தில் எஞ்சின் பக்கத்திலிருந்து அவள் அம்மாவும் மாமாவும் ஒவ்வொரு டப்பாவாகப் பார்த்துக்கொண்டு வருவது தெரிந்தது. நான் இசக்கியின் கையைப் பார்த்தேன். மொட்டைக் கை. இந்தக் கையோடு ஒப்படைத்தால் அந்தப் பெண் தாய் வீட்டில் மூன்று மாதம் நிம்மதியாக இருக்க முடியாது. வாசல் தாண்ட விட மாட்டார்கள். பிள்ளைக்கு ஒரு தும்மல் வந்தாலும் இந்த ராத்திரியைத்தான் சொல்வார்கள். புருஷன் வீட்டுக்குத் தெரிந்தால் அதற்கு மேல்.

பிளாட்பாரக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போனேன். பையிலிருந்து சோப்பை எடுத்துக் கையை நனைத்து வளையலை ஏற்றினேன். கழற்றும்போது தேங்காய் எண்ணெய் போட்டு வழுக்கி வந்திருக்கிறது. இப்போது கை வீங்கியிருந்தது. இடது கையில் ஐந்து ஏறியது. ஆறாவது உடைந்தது. அடுத்ததும் உடைந்தது. மணிக்கட்டில் ஒரு கோடு மாதிரி ரத்தம். நான் அடுத்ததை எடுத்தேன். அவள், "மெள்ள அத்த, மெள்ள" என்று எனக்குத் தைரியம் சொன்னாள்.

அம்மாக்காரி வந்து நின்றாள். சிமெண்டுத் தரையில் கண்ணாடித் துண்டு. மகள் கையில் ரத்தம். "யாரு கழத்துனா?" என்று கேட்டாள். சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

இசக்கி வாயைத் திறந்தாள். அதற்குள் நான், "நான்தான் கழத்தச் சொன்னேன். ராத்திரி கை வீங்கிப்போச்சு" என்றேன்.

ஏன் சொன்னேன்? பாவம் பார்த்தா? என் வாயால் வந்த வினை என்றா? தூங்கிவிட்டேன் என்பது வெளியே தெரியாமல் இருக்கவா? மூன்றும்தானா? இன்றைக்கு வரைக்கும் பிரித்தெடுக்க முடியவில்லை.

அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "தலை நரைச்சிருக்கு. இதுகூடவா தெரியாது? கூலிக்கு வாறவளுக்கு எம்பிள்ளை வயித்தப் பத்தி என்ன? இனிமே எங்க ஊரு பிள்ளையள ஒம்மகூட ஒருத்தரும் அனுப்பாம பாத்துக்கிடுதேன்" என்றாள். சொன்ன மாதிரியே செய்தாள். அந்தப் பக்கத்து ஆட்கள் பிறகு என்னைக் கூப்பிடவில்லை. செருப்பை எடுத்து இசக்கி காலடியில் போட்டேன்.

அவர்கள் அவளைக் கூட்டிக்கொண்டு நடந்தார்கள். நாலடி போனதும் அவள் நின்று திரும்பினாள். "அத்த, திரும்பிப் போகையில ஜன்னல் பக்கமாப் பாத்து உக்காருங்க. காத்து நல்லா வருது" என்றாள். அம்மா அவள் கையை இழுத்தாள்.

அன்றைக்கு நான் திரும்பும்போது லேடீஸ் டப்பாவில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தேன். காற்று நன்றாகத்தான் வந்தது. அந்த டப்பா என் ஒருத்திக்குத்தான் சொந்தம் என்று அவ்வளவு வருஷம் நினைத்திருந்தேன். இப்போது இன்னொருத்தி வந்து உட்கார்ந்துவிட்டுப் போன இடம் மாதிரி இருந்தது. கோபமா வேறு ஏதாவதா என்று தெரியாமல் பம்பாய் வரைக்கும் வந்தேன்.

எனக்கு முன்னால் அந்த அம்மாவின் போன் அண்ணாச்சிக்கு வந்துவிட்டது. காலால் ஸ்டூலை இழுத்துவிட்டார். ஃபேனை நிறுத்தினார். எங்கே வைத்து என்றார், குழாயடியில் என்றேன். யார் கையில் என்றார், தாயார் கையில் என்றேன். அவர்கள் என்ன சொன்னார்கள் என்று கேட்கவில்லை. பேனாவை மூடி வைத்தார்.

"வளையலைக் கழத்த நீ சொன்னியா?"

"ஆமா அண்ணாச்சி."

"நீ சொல்ல மாட்டியேம்மா" என்றார்.

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன். தூங்கியது, பீற்றிக்கொண்டது, மதுரையில் ஏறி இறங்கியது எல்லாம். வேர்த்து வழிந்தது, ஃபேனைப் போடவில்லை. கடைசியில், "பிள்ளை என்ன சொல்லுச்சு?" என்று கேட்டார். ஜன்னல் பக்கம் உட்காரச் சொன்னதைச் சொன்னேன். பிறகு நோட்டை இழுத்து என்னமோ எழுதினார். நான் அதைப் பார்க்கவில்லை. என் பேருக்கு நேரே குறை எழுதுவதை நான் எதற்குப் பார்க்க வேண்டும்? அடுத்த வாரத்து டிக்கெட்டைக் கையில் கொடுத்தார். பத்திரம் என்று அப்போதும் சொல்லவில்லை.

மூன்று மாதம் நான் பயந்துகொண்டே இருந்தேன். ஏதாவது ஆகிவிட்டால் வளையலைத்தான் சொல்வார்கள், என்னைத்தான் சொல்வார்கள். அதற்காக மட்டும் பயப்படவில்லை, எனக்கே உள்ளுக்குள் அந்த உடைந்த துண்டுகள் கிடந்தன. பிறகு ஒரு நாள் அவள் புருஷன் லட்டுப் பெட்டியோடு கடைக்கு வந்தான். பெண் பிள்ளை. தாயும் பிள்ளையும் சுகம். எல்லாருக்கும் ஒன்று கொடுத்தான், எனக்கு மட்டும் இரண்டு. "இசக்கி ரெண்டா குடுக்கச் சொன்னா. ஏன்னு கேட்டா சிரிக்கிறா" என்றான். அவனுக்கு ஒன்றும் தெரியாது. நானும் சொல்லவில்லை.

இப்போது யாரும் துணைக்குக் கூப்பிடுவதில்லை. போனிலேயே ரயில் எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொள்கிறார்கள், மதுரைக்கு விமானத்தில் போகிறார்கள். அண்ணாச்சி கடையை மூடிய அன்று பழைய நோட்டுகளைக் காலால் என் பக்கம் தள்ளி, உன்னுடையதுதானே, எடுத்துப்போ என்றார். டிரங்குப் பெட்டியில் போட்டு வைத்தேன், திறக்கவில்லை.

சால்வை போட்ட அன்றைக்குச் சோறு இறங்காமல் இருந்தேன் என்று சொன்னேன் இல்லையா, அப்போதுதான் பெட்டியைத் திறந்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகப் பார்த்தேன். ஒவ்வொரு பேருக்கு நேரேயும் அண்ணாச்சியின் கோணல் எழுத்தில் ஒரே சொல். ஒப்படைத்தாச்சு. ஒப்படைத்தாச்சு. இத்தனை வருஷத்துப் பெண்களும் பிள்ளைகளும் அப்படியே இருந்தார்கள். பார்த்துப் பார்த்து அந்தச் சொல்லைக் கூட்டாமலே வாசிக்க வந்துவிட்டது.

இசக்கியம்மாள் பேர் வந்த இடத்தில் அந்தச் சொல் இல்லை. வேறு எழுத்து இருந்தது. நான் பயந்த மாதிரி என் பேரைப் பற்றி ஒன்றும் இல்லை. விரலை வைத்து எழுத்துக் கூட்டினேன். தப்பாக வாசிக்கிறேனோ என்று மறுபடியும் முதலிலிருந்து கூட்டினேன்.

வந்து சேர்ந்தாள் என்று எழுதியிருந்தார்.